மூன்றாம் மேசையில் ஸலிஹாத்தா

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஸலிஹாத்தா சாச்சி முதலில் அதைத் துடைப்பாள். மடியில் விரித்து வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் வலமிருந்து இடமாக ஒரே இழுப்பு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் மடிப்புத் தாள், மின்சார பில், தள்ளுபடி விளம்பரம், எதுவானாலும் சரி. அதில் தூசி ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் மதரஸாவில் மரப்பலகையில் எழுதி, ஓதி, கழுவி, அடுத்த பாடத்துக்காகத் துடைத்துப் பழகிய கை. துடைத்த பிறகு கொஞ்சம் நிற்பாள். அப்புறம்தான் ஞாபகம் வந்ததுபோல விரலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஆரம்பிப்பாள். பிரெஞ்சு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மொழி.

சாச்சி என்றாலும் என் உம்மாவோடு பிறந்தவள் இல்லை. கொமோரோத் தீவில் இருவருக்கும் ஒரே தெரு. இங்கே பிரான்ஸில், மார்சே நகரத்தின் சென்-மோரோன் பகுதியில், ஒரே கட்டடம். அது போதும்.

அவள் வந்தது கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கணவர் தொய்ஹிர் சரக்குக் கப்பலில் சமையலறை ஆள். குடியிருப்பு அட்டை வாங்கப் போன அலுவலகத்தில், "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியும் என்றாள். பேனாவைக் கொடுத்தார்கள். அரபு எழுத்தில், சுழிகளோடு, தன் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் காகிதத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள், இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள், பிறகு 'தெரியாது' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டாள்.

இந்தக் கதையைச் சாச்சி வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டே சொல்வாள். "என் பேரைத் தலைகீழாப் புடிச்சுப் பாத்துச்சு அந்தப் புள்ள. பாவம், அதுக்குத்தான் படிக்கத் தெரியல!"

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, அந்தக் குறி அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தின் ஆறு மாடிக்கும் ஊருக்குப் போகும் கடிதங்களை எழுதியது அவள்தான். எங்கள் மொழியை அரபு எழுத்தில் எழுதுவாள். கப்பலில் வேலை பார்க்கும் பெரிய பெரிய ஆண்கள் சர்க்கரைப் பொட்டலத்தோடு அவள் வீட்டு வாசலில் காத்திருப்பார்கள். "என்ன எழுதணும்? கோவமா எழுதணுமா, அன்பா எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பாள்.

துறைமுகத்தில், கோர்சிக்காவுக்கும் அல்ஜியர்ஸுக்கும் போகிற பயணிக் கப்பல்களில் அவளுக்கு அறை துடைக்கும் வேலை. மூன்று பிள்ளைகள். கடைசி மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கீழே சமூக மையத்தில் நடந்த மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். தொய்ஹிர் சும்மா இருப்பாரா?

"என்னடி, மந்திரியாகப் போறியா?"

"ஆயிட்டேன்னா உன்னைத்தான் முதல்ல நாடு கடத்துவேன்."

"சோறு யாரு ஆக்குவா?"

"கப்பல்ல முப்பது பேருக்கு ஆக்கிப் போட்டவன்தானே நீ? ரெண்டு பேருக்கு ஆக்கத் தெரியாதா?"

குடியுரிமை வந்தது. அதன் பிறகு ஒரு தேர்தலையும் அவள் விட்டதில்லை. மற்றவர்கள் சினிமாவுக்குப் போவதுபோல ஓட்டுப் போடப் போவாள். நல்ல உடுப்பு, கழுத்தில் மல்லிகை அத்தர், தலையில் பூப்போட்ட துணி பின்கழுத்தில் முடிச்சிட்டு. சீட்டு வைத்த உறை கண்ணாடிப் பெட்டிக்குள் விழும்போது பெட்டிக்குப் பின்னால் நிற்பவர் உரக்கச் சொல்வாரே, "வாக்களித்தார்!" என்று, அதைக் கேட்ட பிறகும் அங்கேயே கொஞ்சம் நிற்பாள்.

"நகரு, நகரு," என்பார் பின்னால் நிற்கும் தொய்ஹிர். "கை தட்டப் போறாங்களா?"

"தட்டினாத்தான் என்ன?"

அந்த அறையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். வாக்கு எண்ண உதவி தேவை. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த வாக்காளரும் வரலாம். சாச்சி அதைத் துடைக்க முடியாது, சுவரில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசி வரை வாசிப்பாள். முதல் முறை கேட்டபோது போதுமான ஆள் சேர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை, "படிக்க வருமா மதாம்?" என்று கேட்டார்கள். அவள் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நாற்காலியில் ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாளாம்.

"அந்த மேசையில உக்காந்து, சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் நான் மௌத்தாவேன்," என்று உம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் 'நாற்காலி' என்றால் எல்லோருக்கும் அந்த நாற்காலிதான்.

பாராளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று ஜூனில் வந்தது. இரண்டு பேர் மிச்சம்: மிரேய் கஸ்தெல்லானி, ழெரோம் வித்தால். வித்தாலின் துண்டறிக்கையில் எங்கள் தெருவின் படமே இருந்தது. உம்மாக்கள் தலைத்துணியோடு நடந்துபோகும் படம். கீழே 'நம் வீதிகளை மீட்போம்'. படத்தில் முதுகு காட்டி நிற்பது தான்தான் என்று மூன்றாம் மாடிக்காரி பெருமையடித்துக்கொண்டாள்.

வாக்குச்சாவடி ஆரம்பப் பள்ளியின் உணவறை. கதவு மூடும் நேரத்துக்கு முன்பே சாச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். தலைவராக இருந்தவர் மதாம் பெலிசியே. நகரசபை ஊழியர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், சிகரெட்டால் கரகரத்த குரல்.

"மூணாம் மேசைக்கு வாசிக்க யாரு?"

சாச்சி வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள். மதாம் பெலிசியே அந்தக் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "உக்காருங்க மதாம்."

நாலு பேர் மேசை. உறையைப் பிரித்துச் சீட்டை எடுத்துக் கொடுக்க, செருப்புத் தைக்கும் கடை வைத்திருக்கும் ஆர்மேனியர் காரோ. வாசிக்கச் சாச்சி. வாசிப்பதைக் கேட்டுக் கோடு போட நானும் ஒரு மாணவியும். வெளியே இன்னும் வெயில். வாசலில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றிருந்தார்கள். எண்ணுவதை யாரும் பார்க்கலாம்.

காரோ முதல் சீட்டை நீட்டினார். சாச்சி அதை மேசையில் வைத்து வலமிருந்து இடமாகத் துடைத்தாள். விரல் இடது ஓரத்துக்குப் போனது. வாயைத் திறந்தாள்.

"மிரே...ய் கஸ்தெல்லா...னி!"

அது பாட்டாக வந்தது. பெயர் ஒரு படி ஏறி, மேலே கொஞ்சம் நின்று, கடைசி எழுத்தில் தட்டைக் கீழே வைப்பதுபோல மெதுவாக இறங்கியது. மற்ற மேசைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் பென்சில் நின்றது. சாச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினாள். மறுபடியும் அதே ஏற்றம், அதே இறக்கம். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

சீட்டுகள் ஒரு கட்டுச் சேர்வதற்குள் முசியே திபோல் வந்துவிட்டார். வித்தாலின் பிரதிநிதி; சில வருஷங்களுக்கு முன்பு வடக்கே லீலிலிருந்து வந்து குடியேறியவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து கைத்தடியோடு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"மதாம் தலைவர், ஒரு நிமிஷம். இங்க ஓதுறாங்க."

"யாரு?"

"மூணாம் மேசை. கேக்கலையா? மசூதியில ஓதுற மாதிரியே இருக்கு."

"நீங்க மசூதிக்கெல்லாம் போறீங்களா முசியே?" என்றார் காரோ, உறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் விளையாடல. இது அரசாங்க வேலை நடக்கற இடம்." பிறகு சாச்சி பக்கம் குனிந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். "மதாம், உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க வாசிக்கற விதம் 'கூல்த்துயெல்'. அதுதான் சிக்கல்."

'கூல்த்துயெல்' என்றால் வழிபாட்டைச் சேர்ந்தது. 'கூல்த்துரெல்' என்றால் பண்பாட்டைச் சேர்ந்தது. நடுவில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். இந்த நாட்டில் அந்த எழுத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பண்பாடு பள்ளிக்கூடத்துக்குள் வரலாம். அந்தப் பக்கம் இருக்கும் வழிபாடு வாசலிலேயே நிற்க வேண்டும்.

சாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா முசியே, சரியாச் சொன்னீங்க! 'கூல்த்துரெல்'தான். எங்க ஊரு வழக்கம் இது."

"பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

எழுத்து மாறிப்போனது என் காதில் தெளிவாக விழுந்தது. சாச்சிக்கு வார்த்தை பிடிபடவில்லை, தானே போய் மாட்டிக்கொண்டாளே என்று தவித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு என்னைத் தாண்டிப் போயிருந்தது.

மதாம் பெலிசியே மேசையருகில் வந்து நின்றார். "மதாம், சாதாரணமா வாசிக்க முடியுமா? பேசற மாதிரி?"

"முடியுமே," என்றாள் சாச்சி.

அடுத்த சீட்டு. துடைத்தாள். விரலை வைத்தாள். "ழெ..." என்றாள். விரல் வலப்பக்கம் ஓடி, திரும்பி வந்தது. "ழெ... ழெரோ..." எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்ட மறுத்தன. "வி... வித்..." அறை முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முசியே திபோல் மிகவும் தணிந்த குரலில் சொன்னார். "வாசிக்கத் தெரிஞ்சவங்கதான் இங்க உக்காரணும், மதாம் தலைவர்."

அவர் கத்தியிருந்தால் தேவலை.

சாச்சி சீட்டைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், தலைத்துணியின் நுனியால் துடைத்தாள், மறுபடி மாட்டினாள். அவரைப் பார்க்கவில்லை, மதாம் பெலிசியேவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மதாம், நாலு பேரு கேக்கறாப்புல பேரைக் கூப்பிடணும்னா எனக்கு இப்படித்தான் வரும். வேணாம்னா சொல்லுங்க, எந்திரிச்சுக்கறேன். ஆனா இவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. ஒருக்கா எழுதிட்டாங்க. அது போதும்."

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள். எழுந்திருந்தால் அவ்வளவுதான், மறுபடி அந்த நாற்காலியில் உட்கார அவளை யாராலும் கூட்டிவந்திருக்க முடியாது.

"இருங்க," என்றார் மதாம் பெலிசியே. பிறகு திபோல் பக்கம் திரும்பினார். "முசியே, இவங்க ராகமா வாசிச்சதுல ஏதாவது பேரு தப்பா இருந்துச்சா? நீங்க பின்னாடியே நின்னீங்களே."

"இல்ல."

"ஒரு பேரை உசத்தி, ஒரு பேரைத் தாழ்த்தி?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்ல. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன? சட்டத்துல 'உரக்க வாசிக்கணும்'னு இருக்கு. ராகம் போடக் கூடாதுன்னு எங்க இருக்கு? காட்டுங்க." அவருடைய கரகரப்பு ஏறியது. "பாரிஸ்ல இருந்து வர்றவன் ஒவ்வொருத்தனும் நான் வாயைத் தொறந்தா, 'ஆஹா, மார்சேக்காரங்க பேச்சே பாட்டு'ங்கறான். அப்ப நானும் எந்திரிச்சுப் போகணுமா?"

"தேசிய கீதத்துக்கே நம்ம ஊரு பேரைத்தான் வச்சிருக்கான்," என்றார் காரோ. "அதையும் பேசற மாதிரி சொல்லச் சொல்லுங்க முசியே, நல்லா இருக்கும்."

இரண்டாம் மேசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

முசியே திபோலின் காது சிவந்தது. "என் ஆட்சேபணையை நான் பதிவு பண்ணுவேன்."

"தாராளமா. பேனா இருக்கா, தரட்டுமா?"

சாச்சி உட்கார்ந்தாள். கீழே வைத்த சீட்டையே மறுபடி எடுத்தாள். துடைத்தாள்.

"ழெரோ...ம் வித்தா...ல்!"

எங்கள் தெருவை எங்களிடமிருந்து மீட்க வந்தவரின் பெயர் உணவறையின் கூரை வரைக்கும் ஏறி, அங்கே மரியாதையாக நின்று, இறங்கி வந்தது. நான் கோடு போட்டேன். அதற்குப் பிறகு அவள் நிற்கவே இல்லை. கஸ்தெல்லானி, வித்தால், வித்தால், கஸ்தெல்லானி. எந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தது என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. இடையில் ஒருவர் உறைக்குள் வெறும் வெள்ளைக் காகிதத்தைப் போட்டிருந்தார். அதையும் துடைத்து, "வெற்று...ச் சீட்டு!" என்று அதே ராகத்தில் தூக்கி இறக்கினாள். எந்தப் பெயரையும் போடப் பிடிக்காத அந்த ஆளுக்கும் ஒரு இடம் கிடைத்தது.

எங்கள் மேசைக் கணக்கு முதல் முறையிலேயே சரியாக வந்தது. எண்ணியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சாச்சி பேனாவை வாங்கி இடமிருந்து வலமாக, ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து எழுத்தோடு கைகோத்துவிட்டு, எழுதினாள். மதாம் பெலிசியே அதைக் குனிந்து வாசித்து, முழுப் பெயரையும் சொல்லி நன்றி சொன்னார். காகிதத்தை அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

பள்ளி வாசலில் தொய்ஹிர் நின்றிருந்தார். "என்ன ஆச்சு, யாரு ஜெயிச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வாசிச்சுக்கிட்டிருந்தேன்."

தொய்ஹிர் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெண்கள் பை, பொன்னிறக் கொக்கி வைத்தது. அதைத் தொங்கவிட்டுக்கொண்டு தெரு நெடுக முன்னால் நடந்தார். கறிக்கடை வாசலில் நின்றவர்களையும், சுவரில் சாய்ந்து நின்ற இளவட்டங்களையும் பார்த்து, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க. பிரான்சோட ஓட்டை எண்ணிட்டு வர்றா என் பொண்டாட்டி!" என்றார். சாச்சி அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். ஆனால் வேகமாக நடக்கவில்லை. எல்லா ஜன்னல்களும் பார்த்து முடிக்கும் அளவுக்கு மெதுவாகத்தான் நடந்தாள்.

மதாம் பெலிசியே அன்று காப்பாற்றியது ஓதும் ராகத்தை என்றே நானும் நினைத்திருந்தேன். ஆகஸ்டில், கல்யாணங்கள் தொடங்கும் நேரத்தில், சமையலறையில் எள்ளு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த உம்மாவுக்கு அந்த நாளைச் சொல்லிக் காட்டினேன். "ழெரோ...ம் வித்தா...ல்" என்று மெதுவாகப் பாடியும் காட்டினேன். உம்மா மாவுக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அடுப்பை அணைக்க வேண்டியதாகிவிட்டது.

"ஓதுறதா? எவன்டா சொன்னான்? அல்லாவோட வேதத்தை யாராச்சும் அப்படி ஓதுவாங்களா? கல்யாணத்துல சீர் கூப்பிடுற ராகம்டா அது! பொம்பளைங்க மண்டபத்துல ஒருத்தி நாற்காலி மேல ஏறி நின்னு கூப்பிடுவா, இன்னார் மக இன்னார் ஒரு தங்கச் சங்கிலி, இன்னார் மக இன்னார் ரெண்டு பானைன்னு. சங்கிலிக்கும் பானைக்கும் ராகம் மாறக் கூடாது. மாறுச்சுன்னா அன்னிக்கே ரெண்டு குடும்பம் பேச்சை நிறுத்திக்கும். உனக்கு எங்க தெரியும், நீதான் ஆம்பளைங்க பக்கம் மூலையில உக்காந்து புஸ்தகம் படிக்கிற ஆளாச்சே."

"அப்ப அவ சொன்னது சரிதானா? 'கூல்த்துரெல்'னு?"

"பின்னே?"

"அங்கயே விளக்கிச் சொல்லியிருக்கலாமே உம்மா."

"என்ன ராகம் இதுன்னு அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

உம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். பிறகுதான் மற்றதைச் சொன்னார். சீர் கூப்பிடுவதற்குச் சாச்சியை லியோனுக்கும் துன்கெர்க்குக்கும்கூட ரயிலில் கூட்டிப் போயிருக்கிறார்களாம். அந்தத் தேர்தலுக்கு மறுநாள், வாசலில் நின்று கேட்ட பெண்களில் மூன்று வீட்டுக்காரர்கள் அவளை அந்தக் கோடைக் கல்யாணங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்களாம். அவர்களில் ஒருத்தி சொன்னாளாம்: "அந்த வித்தால் பேரையே குறை வைக்காமக் கூப்பிட்டவ, என் சம்பந்தி கொண்டு வர்ற ஓட்டைப் பானையையும் ஒழுங்காக் கூப்பிடுவா."